பளை மணலில் மத்தியஸ்தர்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், கண்டி வீதி வழியே ஆனையிறவைக் கடந்து வடக்கு நோக்கி வரும் பிரயாணி ஒருவர், உப்புக் காற்றை விட்டுப் பளையின் தென்னஞ் சோலைகளுக்குட் புகும்போது ஒரு கூச்சலைக் கேளாமற் செல்வது அரிது. "அவுட்!" என்று பதினொரு குரல்கள் ஒருங்கே எழும். "எங்கை அவுட்? நல்லா உள்ளுக்கை!" என்று அதனினும் பெரிய குரல்கள் வேலியோரத்திலிருந்து மறுமொழி கூறும். இவ்விரண்டுக்கும் நடுவே ஓர் இளைஞர் நிற்பார். தலையிலே பந்து வீச்சாளருடைய தொப்பி. கையிலே மூவர் நால்வர் நம்பிக் கொடுத்த கைத்தொலைபேசிகள். காற்சட்டைப் பையிலே, பந்துகளை எண்ணுவதற்காக ஆறு புளியங்கொட்டைகள். கூச்சலிட்ட அத்தனை பேரும் அவர் பக்கமாக முகத்தைத் திருப்பிக் காத்திருப்பர். அவர்தாம் மத்தியஸ்தர்.

அவர் எங்கிருந்து வந்தார் என்று விசாரித்தால் வேடிக்கையாக இருக்கும். பெரும்பாலும் சற்று முன்னர் ஆட்டமிழந்து வந்தவர் அவர். துடுப்பெடுத்தாடும் பக்கத்தாரே மத்தியஸ்தரையும் அனுப்ப வேண்டுமென்பது கிராமத்துக் கிரிக்கெட்டின் எழுதாத வழக்கம். ஆகவே தம் விக்கெட்டைப் பறிகொடுத்த துக்கம் ஆறுமுன்னரே, பிறருடைய விக்கெட்டுக்குத் தீர்ப்புக் கூறும் பதவி அவருக்கு வந்து சேர்கிறது. வழக்காடி தோற்றவனை அன்று மாலையே நீதவான் ஆசனத்தில் இருத்துவதை ஒக்கும் இது. இவ்வழக்கம் நம்மூருக்கு மட்டும் உரியதன்று. உலகில் எங்கெங்கே ஊரார் கூடிக் கிரிக்கெட் ஆடுகிறார்களோ அங்கெல்லாம் இதுவே நடைமுறை.

யாழ்ப்பாணத்தில் 1904ஆம் ஆண்டு முதல் மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்குமிடையே நடந்துவரும் 'வடக்கின் பெரும் போர்' போன்ற ஆட்டங்களைப் பற்றி இங்கு எழுதவில்லை. அங்கே தேர்ச்சி பெற்ற மத்தியஸ்தர்கள் வருவர். வெள்ளைக் கோடு செவ்வையாக இருக்கும். நாம் பேச எடுத்துக்கொண்டது மென்பந்து ஆட்டம். டெனிஸ் பந்தும், பனைமட்டையோ கம்போ சீவி நட்ட விக்கெட்டும், மாலை ஆறு மணிக்குள் முடித்தாக வேண்டிய எட்டு ஓவர்களும் கொண்ட ஆட்டம்.

பளையில் இந்த ஆட்டத்துக்கு ஒரு தனிக் கனம் உண்டு. 1990இல் நின்றுபோன யாழ்தேவி, 2014 மார்ச்சு மாதத்திலேதான் மீண்டும் பளை நிலையம்வரை வந்தது. அயலிலுள்ள முகமாலையில் யுத்தம் முடிந்து பல ஆண்டுகள் சென்ற பின்னரும் கண்ணிவெடி அகற்றும் வேலை நடந்தது. கால் வைக்கலாம் என்று உறுதியான நிலத்திலே பிள்ளைகள் முதலிற் செய்த காரியங்களுள் ஒன்று விக்கெட்டு நட்டது. இங்கு நடைபெறும் சுற்றுப்போட்டிகளுட் பல ஞாபகார்த்தக் கிண்ணப் போட்டிகள். இறந்துபோன ஒருவரின் பெயரால், வெளிநாட்டிலிருக்கும் உடன்பிறந்தார் அனுப்பிய பணத்தில், ஊர்க் கழகம் நடத்துவது. அத்தகைய கிண்ணத்திற்கான ஆட்டத்திலே ஒரு 'ரன் அவுட்' தீர்ப்பினால் இரண்டு கிராமங்கள் பேச்சுவார்த்தை அற்றுப்போனால், அதை வெறும் விளையாட்டுச் சண்டையென்று ஒதுக்கிவிட இயலாது. கிண்ணம் கொடுத்த தாயார் மேடையிலே இருப்பார். ஆகவே அந்தத் தொப்பிக்கார இளைஞரின் தொழிலைச் சற்று ஊன்றி ஆராய்வது நன்று.

கிரிக்கெட்டின் மிகப் பழைய சட்டத் தொகுப்பு 1744ஆம் ஆண்டிற் செய்யப்பட்டது. அக்காலத்திற் கமெரா இல்லை. மூன்றாம் மத்தியஸ்தர் இல்லை. பந்தயப் பணம் மட்டும் தாராளமாக இருந்தது. எனவே அச்சட்டத்தை இயற்றியோர் நம் பளை இளைஞருடைய நிலைமையை நன்கறிந்தவர்கள் என்றே சொல்ல வேண்டும். ஆட்டமிழப்பு எதுவாயினும் மத்தியஸ்தரே ஏகநீதிபதி என்று கூறிய அத்தொகுப்பு, உடனேயே அவர் வாய்க்கு ஒரு பூட்டும் போட்டது: ஆட்டக்காரர் ஒருவர் முறையிட்டாலன்றி அவர் எவரையும் வெளியேற்றலாகாது. 1787இல் அமைந்த மெரில்போன் கிரிக்கெட் கழகம் மறு ஆண்டில் அச்சட்டங்களைத் திருத்தி வெளியிட்டது. அதன்பின் எத்தனையோ திருத்தங்கள். இன்று வழங்கும் 2017ஆம் ஆண்டுத் தொகுப்பில் 42 சட்டங்கள் உள. ஆனால் அந்தப் பூட்டு மட்டும் கழற்றப்படவில்லை. 31ஆம் சட்டத்தின் முதற் பகுதியே அது. ஒருவர் சட்டப்படி ஆட்டமிழந்தே இருந்தாலும், களத்தடுப்பாளர் கேட்காதவரை மத்தியஸ்தர் விரலை உயர்த்தக் கூடாது.

இதன் நுட்பம் விளங்க வேண்டுமானால் பேஸ்பால் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். நம் நாட்டிலும் அது புதிதன்று. கொழும்பையடுத்த தியகமவிலே யப்பானிய உதவியோடு அதற்கென ஒரு மைதானமே உண்டு. அங்கே பிடிகாரருக்குப் பின்னாற் குனிந்து நிற்கும் மத்தியஸ்தர் ஒருவர் கேட்கும்வரை காத்திருப்பதில்லை. அடிகாரர் அடியாமல் விட்ட ஒவ்வொரு பந்தும் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட வெளியூடாக வந்ததா, அப்பாற் சென்றதா என்பதை அந்தந்தக் கணமே உரக்கக் கூறியாக வேண்டும். ஓர் ஆட்டத்தில் எத்தனையோ முறை! முறையிட்டாற்றான் தீர்ப்பு என்ற நிலை அங்கே சில சந்தர்ப்பங்களுக்கே உண்டு. ஓடியவர் ஒரு தளத்தை மிதியாமற் போனார் என்பது போன்றவை அவை. அங்கே மத்தியஸ்தர் ஓயாது பேசுபவர். இங்கே கேட்டபின் பேசுபவர்.

கேட்டபின் பேசுபவருக்கு ஒரு சலுகை உண்டு. ஒரு சங்கடமும் உண்டு. சலுகை யாதெனில், கேள்வி வந்து சேருமுன் அவர் தாம் கண்டதை மனத்திலே ஒருமுறை ஓடவிட்டுப் பார்க்கலாம். சங்கடமோ, கேள்வி எப்பொழுதும் கேள்வி போல வருவதில்லை. கட்டளை போல வருகிறது. "அவ் இஸ் தட்?" என்பது ஆங்கிலத்தில் ஒரு வினா, "எப்படி அது?" என்பதே அதன் பொருள். போல்ட், பிடி, ரன் அவுட் எல்லாவற்றுக்கும் அவ்வொரு வினாவே போதுமென்று சட்டம் கூறுகிறது. நம்மூரிலோ வினா மறைந்து விடையே கூச்சலாகிவிட்டது. "அவுட்!" என்று பதினொருவர் தீர்ப்பைக் கூறிவிட்டு, ஒப்பமிடுவதற்கு மட்டும் மத்தியஸ்தரைப் பார்க்கின்றனர். கழகங்களின் தலைவர்கள் தம் ஆட்டக்காரருக்கு இந்த ஒன்றைக் கற்பித்தாலே பாதிச் சண்டை தணியும் என்பது என் அபிப்பிராயம்.

'சந்தேகத்தின் பலன் துடுப்பாட்டக்காரருக்கு' என்பதை எல்லோரும் அறிவர். அதை அறிந்த அளவுக்கு, அச்சந்தேகத்துக்கு முன்னாற் செய்யவேண்டிய வேலையை அறிந்தவர் குறைவு. ஒரு மத்தியஸ்தருக்கு ஐயம் ஏற்பட்டால், மற்றவர் அதை நன்றாகக் காணக்கூடிய இடத்தில் நின்றிருப்பின், அவரிடம் சென்று நடந்தது யாதென்று விசாரிக்க வேண்டும். 'விசாரிக்கலாம்' என்றன்று, 'விசாரிக்க வேண்டும்' என்றே சட்டம் கூறுகிறது. விசாரித்த பின்னும் ஐயம் தீராவிட்டாற்றான் 'ஆட்டமிழப்பில்லை' என்பது தீர்ப்பு. அதாவது, சந்தேகம் என்பது தேடிப் பார்த்தும் கிடைக்காமையே ஒழிய, தேட மனமில்லாமையன்று. தம் பக்கத்தவன் ஓடி வருகையில் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "எனக்குச் சந்தேகம், அதனால் இல்லை" என்று கூறும் மத்தியஸ்தரைச் சட்டம் ஒருபொழுதும் கற்பனை செய்யவில்லை.

இதற்கு ஓர் உதாரணம் கூறலாம். கடந்த ஆண்டு இப்பகுதியில் நடந்த சுற்றுப்போட்டியொன்றிலே, உயர்தர வகுப்பில் வாசிக்கும் ஒரு மாணவர் துடுப்பாட்டக்காரர் நிற்கும் முனைக்கு மத்தியஸ்தராகப் பக்கவாட்டில் நின்றார். பந்துகள் இரண்டே மிஞ்சியிருந்தன. ஓடிவந்தவர் அவருடைய சொந்தத் தமையன். பந்து எறியப்பட்டது, தடி சாய்ந்தது, மைதானம் முழுவதும் கத்தியது. மாணவர் விரலை உயர்த்தவுமில்லை, தலையை ஆட்டவுமில்லை. மறுமுனையில் நின்ற மூத்த மத்தியஸ்தரிடம் நடந்து சென்றார்.

"தம்பி, நீ கண்டனியோ?"

"கோடு தெரியேல்லை அண்ணை. பந்தெடுக்க வந்தவர் குறுக்காலை நிண்டிட்டார். நீங்கள் கண்டனியளோ?"

"தடியிலை பந்து பட்டது கண்டனான். அவன் உள்ளுக்கோ வெளியிலையோ எண்டது இஞ்சை நிண்டு எப்பிடித் தெரியும்?"

மாணவர் திரும்பி வந்தார். 'இல்லை' என்று தலையசைத்தார். பின்பு, ஒரு மத்தியஸ்தரிடம் சட்டம் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். எதிரணித் தலைவரிடம் சென்று, தாம் எதைக் கண்டார், எதைக் காணவில்லை என்பதை இரண்டு வாக்கியத்திற் கூறினார். தலைவர் சிறிது நேரம் மணலைக் காலாற் கிளறிக்கொண்டு நின்றார். பிறகு பந்தை வாங்கி வீச்சாளரிடம் எறிந்தார். அடுத்த பந்தோடு ஆட்டம் முடிந்தது. வென்றவர் யார் என்பது நமக்கு வேண்டியதில்லை.

ஆனால் அன்று வேலியோரத்திலே பெரியவர்கள் சிலர் கூறியதுதான் எனக்கு விசித்திரமாகத் தோன்றியது. "தமையன் எண்டபடியால் அவுட் குடுத்திருக்க வேணும், அதுதானே நேர்மை" என்றார்கள். இதனை நான் மறுக்கிறேன். உறவினருக்குச் சாதகமாகத் தீர்ப்பளிப்பது எத்துணைப் பிழையோ, உலகம் மெச்சவேண்டுமென்று உறவினருக்குப் பாதகமாகத் தீர்ப்பளிப்பதும் அத்துணைப் பிழையே. முன்னதிற் கூலி ஓட்டமாகக் கிடைக்கிறது. பின்னதில் நற்பெயராகக் கிடைக்கிறது. இரண்டிலும் தண்டனை பெறுபவர் கோட்டுக்கு உள்ளே வந்திருக்கக்கூடிய ஒருவரே. காணாததைக் கண்டதாகக் கூற எவருக்கும் உரிமையில்லை; நேர்மையானவன் என்று பெயரெடுப்பதற்காகவும் இல்லை.

இந்தச் சங்கடத்தை உலகக் கிரிக்கெட் அண்மைக் காலத்திலேதான் தீர்த்துக்கொண்டது என்பதையும் நம் இளைஞர்களை ஏசுவோர் நினைவிற் கொள்ள வேண்டும். டெஸ்ட் ஆட்டங்கள் 1877இல் ஆரம்பித்தன. நூறாண்டுக்கும் மேலாகச் சொந்த நாட்டு மத்தியஸ்தரே நின்றனர். சென்ற இடமெல்லாம் விருந்தினர் முணுமுணுத்தனர். 1986இல், மேற்கிந்தியத் தீவுகளுடன் லாகூரில் நடந்த டெஸ்டுக்கு இரண்டு இந்திய மத்தியஸ்தர்கள் அழைக்கப்பட்டனர். பாகிஸ்தான் தலைவர் இம்ரான் கான் அதற்கு முன்னின்றார். 1994இல் ஒருவரும், 2002இல் இருவரும் மூன்றாம் நாட்டவராக இருக்கவேண்டுமென்பது விதியாயிற்று. அவ்வாறு நாடு நாடாகச் சென்று தீர்ப்புக் கூறியோருள் தமிழர் பெருமைப்படத்தக்க ஒருவர் சென்னை ஸ்ரீநிவாஸ் வெங்கட்ராகவன். 57 டெஸ்டுகளிற் பந்து வீசியவர். பின்னர் 73 டெஸ்டுகளில் மத்தியஸ்தராக நின்றவர்.

பளையில் மூன்றாம் நாட்டவரைத் தேடிப் போக வேண்டியதில்லை. மூன்றாம் கிராமத்தவர் போதும். அதுவும் இயலாவிட்டால் பக்கத்துக்கு ஒருவராக இருவர் நிற்கலாம்.

இனி, நாணயம் சுண்டுமுன் செய்யவேண்டிய காரியங்கள். என் அனுபவத்தில் மைதானச் சண்டைகளுள் பெரும்பாலானவை ஆட்டத்தின் நடுவிற் பிறப்பனவல்ல. ஆட்டத்துக்கு முன் பேசாமல் விட்டவற்றினின்றும் பிறப்பவை. மைதானத்துக்குள் நிற்கும் தென்னைமரத்தை எடுத்துக்கொள்வோம். உயர அடித்த பந்து ஓலையிற் பட்டுக் கீழே விழுகிறது, களத்தடுப்பாளர் ஏந்துகிறார். ஆட்டமிழப்பா? அந்த மரம் எல்லையாகக் கருதப்படும் என்று முன்னரே தீர்மானித்திருந்தால் நான்கு ஓட்டம். தீர்மானிக்காவிடில் அது நல்ல பிடியே. இங்கிலாந்திலே கென்ற் மாகாணத்தின் கன்ரர்பரி மைதானத்தில், எல்லைக் கோட்டுக்கு உள்ளேயே ஒரு பெரிய லைம் மரம் நெடுங்காலம் நின்றது. அதிற் பட்டால் நான்கு ஓட்டமென்பது அவ்விடத்து விதி. 2005ஆம் ஆண்டு காற்றில் அம்மரம் விழுந்தது; பதிலுக்கு ஓர் இளமரத்தை நாட்டினார்கள். பெரிய மைதானமே ஒரு மரத்துக்காகத் தனி விதி வைத்திருக்கும்போது, மூன்று தென்னைகள் உள்ள நம் மைதானம் ஏன் வைத்திருக்கலாகாது? ஆனால் அதை முதற் பந்துக்கு முன் கூறிவிட வேண்டும். ஓலையிற் பட்ட பிறகு கூறும் விதி, விதியன்று, வாதம்.

காற்றைப் பற்றியும் ஒரு சொல். சோளகக் காற்று வீசும் மாதங்களில், பளைப் பகுதியில் நிற்கும் காற்றாலைகளின் இறக்கைகள் சுழல்வதைப் பார்த்தாலே அதன் வேகம் தெரியும். விக்கெட்டுத் தடிகளின் மேல் வைக்கும் சிறு கட்டைகள் ஓவருக்கு இருமுறை தாமாகவே விழும். இதற்கும் சட்டம் வழி வகுத்திருக்கிறது: மத்தியஸ்தர்கள் உடன்பட்டால் அக்கட்டைகளை வையாமலே ஆடலாம். ஆனால் இரு முனைகளிலும் எடுத்துவிட வேண்டும். ஒரு முனையில் வைத்து மறுமுனையில் எடுப்பதில்லை. அவ்வாறு எடுத்தபின், விக்கெட்டிற் பந்து பட்டதா என்பது முழுக்க மத்தியஸ்தரின் கண்ணையே பொறுத்தது. ஆகவே கட்டையில்லாத ஆட்டத்தில் அவர் இன்னும் அண்மையில் நிற்பது நலம்.

மாடு வந்தால்? இதைக் கேட்டு நகரத்து வாசகர்கள் நகைக்கலாம். மாடோ, நாயோ, மனிதரோ உட்புகுந்து ஒரு பக்கத்தாருக்குப் பாதகம் விளைத்தால் பந்தைச் 'செத்த பந்து' என்று அறிவிக்கலாமென 2022ஆம் ஆண்டுத் திருத்தத்திலே தெளிவாகச் சேர்த்திருக்கிறார்கள். சட்டம் இயற்றுவோர் இலண்டனில் இருந்துகொண்டே நம் மாடுகளையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள் போலும்!

எல்லாவற்றிலும் தொல்லையானது கோடு. பளை மணலிலே குதிக்காலாற் கீறிய கோடு மூன்று ஓவர்களுக்கு மேல் நிலைப்பதில்லை. வெண்சுண்ணாம்பு இட்டாலும் காற்று கொண்டுபோகும். சிலர் கயிறொன்றை மணலிற் புதைத்து இரு நுனியையும் முளையடித்து வைக்கின்றனர். இதுவே உசிதமான முறை. ஏனெனில் 'ரன் அவுட்' தீர்ப்பு முழுவதும் அக்கோட்டிலேதான் நிற்கிறது. துடுப்போ உடம்போ கோட்டின் மீது பட்டாற் போதுமென்று பலர் எண்ணுகின்றனர். போதாது, கோட்டைத் தாண்டி, அதன் உட்புறத்து நிலத்திற் பட வேண்டும். கோட்டின் மேல் நிற்பவர் வெளியே நிற்பவரே.

அக்கணத்தைக் காண்பது எப்படி? பேஸ்பாலில் முதலாம் தளத்து மத்தியஸ்தருக்கு ஒரு பழைய பயிற்சி கற்பிப்பார்கள்: கண்ணைத் தளத்தின் மீது வை, காதைக் கையுறையின் மீது வை. ஓடுபவரின் பாதம் தளத்தை மிதிப்பதைக் கண் பார்க்கும். பந்து கையுறையில் விழும் 'தப்' என்ற ஓசையைக் காது கேட்கும். இரண்டில் எது முந்தியது என்பதே தீர்ப்பு. நமக்கும் இது பெரிதும் உதவும். கோட்டுக்கு நேர் பக்கவாட்டில், குறைந்தது பத்து யார் தள்ளி நின்று, கோட்டையே நோக்கிக்கொண்டு, தடி சாயும் ஓசைக்குக் காது கொடுக்க வேண்டும். பந்தைப் பின்தொடர்ந்து கண்ணை ஓடவிட்ட மத்தியஸ்தர் பந்தை மட்டுமே காண்பார். ஆனால் விக்கெட் காப்பாளரின் பிடியிலே காது நமக்கு உதவாது. டெனிஸ் பந்து துடுப்பின் விளிம்பில் உரசும் ஓசை மிக மெல்லியது, அதையும் சோளகம் அள்ளிக்கொண்டு போகும். மென்பந்திலே மிகப் பெரிய சண்டைகள் அந்தப் பிடியைப் பற்றியவையாக இருப்பதில் வியப்பில்லை.

தேர்ந்த கண்களும் ஒரே நேரத்தில் இரண்டிடம் பார்க்க இயலாது. 2019ஆம் ஆண்டு யூலை 14ஆந் திகதி, இலண்டன் லோட்ஸ் மைதானத்தில் உலகக் கிண்ண இறுதியாட்டம். களத்தடுப்பாளர் எறிந்த பந்து பென் ஸ்ரோக்ஸின் துடுப்பிற் பட்டு எல்லைக்கு ஓடியது. நம் நாட்டுக் குமார் தர்மசேன ஆறு ஓட்டமென்று சைகை காட்டினார். பந்து எறியப்பட்ட கணத்தில் ஓடியவர் இருவரும் இரண்டாம் ஓட்டத்திற் குறுக்கிட்டிருக்கவில்லை. ஆகவே ஐந்தே கொடுத்திருக்க வேண்டும். படத்திற் பார்த்தபின் அது பிழையென்று அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் ஆட்டக்காரராகவும் மத்தியஸ்தராகவும் நின்ற முதல்வர் அவர். 1996இல் ஆடினார், 2015இல் மத்தியஸ்தரானார். அத்தகையவருக்கும் எறிபவரையும் ஓடுபவரையும் ஒரே கணத்திற் காண முடியவில்லை.

இன்று நம் மைதானங்களிற் புதிதாக ஒரு தொல்லை முளைத்திருக்கிறது. தீர்ப்பு முடிந்ததும் நாலைந்து பேர் கைத்தொலைபேசியோடு உள்ளே ஓடிவந்து, "இந்தா பாருங்கோ" என்று மத்தியஸ்தரின் முகத்துக்கு நேரே நீட்டுகிறார்கள். தொலைக்காட்சியிற் காணும் 'ரன் அவுட்' படம் கோட்டுக்கு மிகச் சரியாக நேரே நிறுத்திய கமெராவால் எடுத்தது. தென்னையடியில் இருந்துகொண்டு சாய்வாக எடுத்த படத்திலே, கோட்டுக்கு ஒரு முழம் வெளியே நிற்பவர் உள்ளே நிற்பதுபோலத் தோன்றுவார். படம் பொய் சொல்லாது என்பார்கள். எடுத்த இடம் பொய் சொல்லும். படத்தைப் பார்ப்பதில்லை என்பதையும் நாணயம் சுண்டுமுன்பே அறிவித்துவிடுவது உத்தமம்.

மத்தியஸ்தருக்குத் தம் தீர்ப்பை மாற்ற உரிமை உண்டா? உண்டு, உடனடியாக மாற்ற வேண்டும், அவ்வளவே. பேஸ்பாலிலே 2010ஆம் ஆண்டு யூன் 2ஆந் திகதி அமெரிக்காவின் டெற்றொயிற் நகரில் நடந்ததைக் கேளுங்கள். ஆர்மாண்டோ கலரகா என்ற வீச்சாளர் வரிசையாக 26 பேரை, ஒருவரையும் தளமேற விடாமல், ஆட்டமிழக்கச் செய்திருந்தார். 27ஆமவரையும் வீழ்த்தினால் அது 'பூரண ஆட்டம்'. அவ்வாட்டத்தின் நெடிய சரித்திரத்தில் மிகச் சிலருக்கே வாய்த்த பேறு. 27ஆமவர் முதலாம் தளத்தை அடையுமுன் பந்து அங்கு சேர்ந்துவிட்டது. ஆனால் மத்தியஸ்தர் ஜிம் ஜோய்ஸ் கைகளை விரித்து 'தப்பினார்' என்றார். அந்நாளில் அத்தகைய தீர்ப்பைப் படம் பார்த்து மாற்ற விதி இல்லை. 2014இலேதான் அது விரிவாக வந்தது. ஆட்டம் முடிந்தபின் படத்தைப் பார்த்த ஜோய்ஸ், தாமே அந்த இளைஞரின் பேற்றைக் கெடுத்ததாகக் கண்கலங்கிக் கூறினார். மறுநாள் அவர் மீண்டும் மைதானத்தில் நின்றபோது, அணியின் பெயர்ப்பட்டியலைக் கொண்டுவந்து அவர் கையிற் கொடுத்தவர் கலரகா.

ஆட்டக்காரருக்குரிய பொறுப்பையும் இங்கே பேசியாக வேண்டும். கேட்டாலன்றித் தீர்ப்பில்லை என்றால், கேட்பதா விடுவதா என்பது ஆட்டக்காரர் கையில் இருக்கிறது. கேட்டதைத் திரும்பப் பெறவும், அடுத்த பந்து ஆட்டத்துக்கு வருமுன், மத்தியஸ்தரின் சம்மதத்தோடு, அணித் தலைவருக்கு உரிமை உண்டு. 2012இல் பிரிஸ்பேன் நகரில், பந்து வீசப்படுமுன் கோட்டை விட்டு நகர்ந்த லகிரு திரிமான்னவைச் சென்னை அஸ்வின் 'ரன் அவுட்' செய்தார். இந்தியத் தலைவர் சேவாக் முறையீட்டைத் திரும்பப் பெற்றார். 2014இல் பர்மிங்ஹாமில் அதே வகையாகச் சசித்திர சேனநாயக்க ஜொஸ் பட்லரை ஆட்டமிழக்கச் செய்தபோது, மத்தியஸ்தர் கேட்டும் நம் தலைவர் அஞ்சலோ மத்தியூஸ் முறையீட்டைக் கைவிடவில்லை. ஒன்பது ஆண்டுகள் சென்றன. 2023 நவம்பர் 6ஆந் திகதி, தில்லியில் வங்காளதேசத்துடன் உலகக் கிண்ண ஆட்டம். தலைக்கவசத்தின் வார் அறுந்து, குறித்த இரண்டு நிமிடங்களுள் ஆயத்தமாகாத மத்தியூஸ், ஒரு பந்தையும் எதிர்கொள்ளாமலே வெளியேற்றப்பட்டார். சர்வதேச ஆட்டங்களில் அவ்வகையில் ஆட்டமிழந்த முதல்வர் அவரே. முறையீட்டைத் திரும்பப் பெறுவீரா என்று மத்தியஸ்தர் வினவியபோது, ஷகிப் அல் ஹசன் மறுத்துவிட்டார்.

இம்மூன்றிலும் மத்தியஸ்தர் செய்தது சட்டத்துக்குப் பொருந்தியதே. ஆனாலும் அன்று நம்மூர்த் தேநீர்க் கடைகளில் ஏச்சு வாங்கியவர்கள் மத்தியஸ்தர்களும் தாம். கேட்டவர் கேட்டதற்கு விடை கூறியவரை ஏசுவது எந்த வகை நியாயமோ அறியேன். 2014இல் சட்டம் சட்டமே என்று வாதித்தவர்களே 2023இல் பண்பாடு எங்கே என்று கேட்டதையும் நான் என் காதாற் கேட்டேன்.

கல்லூரி மாணவர்களுக்குச் சிறப்பாக ஒன்று. துடுப்பாடத் தெரியாதவர்கள், பந்து வீசத் தெரியாதவர்கள், மைதானத்துக்கு வந்து வேலியிற் குந்தியிருந்து போகிறீர்கள். சட்டப் புத்தகத்தை மெரில்போன் கழகம் எவரும் படிக்கத்தக்கதாக இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. இரண்டு கிழமை படித்தாற் போதும். மாணவிகளும் இதற்கு வரலாம். கணக்குப் பதிவதில் அவர்கள் பல இடங்களில் ஏற்கெனவே இருக்கிறார்கள், விக்கெட்டருகே வந்து நிற்பதற்குத் தடை சட்டத்தில் இல்லை. முதல் நாளில் எண்ணிக்கையிற் பிசகு வரும், அஞ்ச வேண்டாம். மத்தியஸ்தர் தவறுதலாக ஐந்து பந்தோடு ஓவரை முடித்தாலும், ஏழு வீசவிட்டாலும், அவர் எண்ணியதே கணக்கு என்று சட்டம் கூறிவிட்டது. புளியங்கொட்டைகளை ஒரு பையிலிருந்து மறுபைக்கு மாற்றும் பழக்கமே இன்றும் சிறந்தது. பையில் ஓட்டை இல்லையென்று மட்டும் முதலிற் பார்த்துக்கொள்க.

மாலை வெளிச்சத்தைப் பற்றியும் அணித் தலைவர்களோடு முன்னரே பேசிக்கொள்ள வேண்டும். பளையில் ஆறு மணிக்குப் பனைகளுக்குப் பின்னாலே சூரியன் இறங்கியதும், பழுப்பேறிய டெனிஸ் பந்து மணலின் நிறத்தோடு கலந்துவிடும். அப்போதுதான் கடைசி ஓவர் வந்து சேரும். அப்போதுதான் வேகப் பந்து வீச்சாளர் பந்தைக் கேட்பார். வெளிச்சம் போதுமா என்று தீர்மானிப்பது இரு மத்தியஸ்தர்களும் கூடிச் செய்யவேண்டியது. விக்கெட் காப்பாளருக்குப் பந்து தெரிகிறதா என்று அவரையே கேட்பதைவிட, பந்தை வாங்கி எல்லைக் கோட்டில் நிற்பவரிடம் ஒருமுறை எறிந்து, அவர் எந்தப் பக்கம் கையை நீட்டுகிறார் என்று பார்த்துக்கொள்வது மேல்.